புதன்கிழமை பிரஷர்

கஜா பெராங், மலாக்கா
14-2-1957

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயபாலனுக்கு,

வெட்கக்கேட்டை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடுவில் வைத்தால் எழுதாமலே உறையை ஒட்டிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என் மகள் ருக்மணியின் காதுகுத்தில், நாற்பது பேர் பார்க்க, உன் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னேன்.

நீ சிங்கப்பூரில் வாங்கி வந்து கொடுத்த டயலால் வந்த வினை. இருபத்து மூன்று வருஷமாகக் கிளினிக்கில் டிரெசர், டாக்டருக்குக் கையாள். டாக்டர் பிரஷர் பார்க்கும் பாதரசப் பெட்டியைத் துடைத்து வைத்துத் துடைத்து வைத்தே என் ஆயுள் போயிற்று. இப்போது எனக்கே சொந்தமாகக் கடிகாரம் மாதிரி முள் வைத்த பிரஷர் மானி. புது மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட கதைதான். பந்தியில் இலை எடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன். பதினோரு பேருக்குப் பார்த்தேன். அதில் ஒன்பது பேருக்கு அதிகம். கடைக்கார அப்துல் கய்யூம் எழுந்து கை கழுவப் போனவர், எண்ணைக் கேட்டதும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். கஜா பெராங்கே கருவாட்டில் ஊறிய ஊர் என்று பிரசங்கம் வேறு செய்தேன். என்னுடையதும் நூற்று எழுபத்தாறு.

பிறகு உன் முறை. தாய்மாமன் உன் மடியில் குழந்தை அழுது ஓய்ந்திருந்தாள். நீ சிரித்துக்கொண்டே கையை நீட்டினாய். முள் நின்ற இடம் நூற்று எழுபத்திரண்டு. கீழ் எண் நூற்றுப் பன்னிரண்டு. உன் மனைவி விஜயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பூங்காவனத்தம்மாள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அவள் காதில் விழுந்தால் செய்தி உனக்கு முன்னால் கோலாலம்பூர் போய்ச் சேரும். ஆகவே, "நூத்தி முப்பது, எம்பது! மாப்ளைக்குப் பிளேனே தேவையில்ல லா, சும்மாவே பறப்பாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பூங்காவனத்தம்மாள் இந்த நான்கு நாளில் பண்டார் ஹிலிர் வரைக்கும் அந்த எண்ணைக் கொண்டு சேர்த்துவிட்டாள்.

நீ ஆகாயத்தில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போகிறவன். தலையில் ஒரு நரம்பு வெடித்தால் ஏழு பேர். உங்கள் டாக்டரிடம் உண்மையைச் சொல். என்ன சொல்லுகிறாய்?

தைரியமில்லாத அத்தான்,
கணேசமூர்த்தி


செந்தூல், கோலாலம்பூர்
19-2-1957

அத்தானுக்கு,

கடிதத்தை விஜயா பிரிப்பதற்கு முன்னால் நான் பிரித்தது தெய்வச் செயல். இனிமேல் கம்பெனி விலாசத்துக்கு எழுதுங்கள்.

எனக்குத் தலைவலி கிடையாது. மயக்கம் கிடையாது. ஆனாலும் அந்த எண்ணைப் படித்ததிலிருந்து என் கழுத்தில் துடிப்பது எனக்கே கேட்கிறது. அந்த டயலைத் தபால் மூட்டைகளின் மேல் வைத்துக் கொண்டுவந்தேன். உங்கள் ஊர் விமான நிலையம் பத்து பெரெண்டாமில் இறங்கும்போது பெட்டியோடு உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. அப்போதே மிதித்துத் தொலைத்திருக்க வேண்டும்.

டாக்டரிடம் சொல் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். விமானிக்குப் பிரஷர் என்றால் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். லைசென்சை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மே எட்டாம் தேதி எனக்கு ஆறு மாதப் பரிசோதனை. ஆகஸ்டில் நாடு நம் கைக்கு வருகிறது. பெரிய விமானத்தை ஓட்டும் வெள்ளைக்காரத் துரை கப்பலேறுகிறார், அந்த இடம் உனக்குத்தான் என்று மானேஜர் என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நம் ஆட்களில் ஒருவன் அந்த இடது பக்கத்துக் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பதினொரு வருஷம் காத்திருந்தேன், அத்தான். இன்னும் ஆறு மாதம்.

நீங்கள் ஆரம்பித்த பொய்யை நீங்களே முடித்து வையுங்கள். மாத்திரை கொண்டு வாருங்கள். புதன்கிழமைதோறும் பத்து பெரெண்டாமில் இருபது நிமிஷம் நிற்கிறேன். அக்காவுக்குத் தெரியக் கூடாது.

ஜெயபாலன்


கஜா பெராங்
21-3-1957

மாப்பிள்ளைக்கு,

நான்கு புதன்கிழமை ஆயிற்று. என் சைக்கிளுக்கு இப்போது பத்து பெரெண்டாம் வழி தானாகவே தெரியும். டயலை டிபன் கேரியரின் மேல் தட்டில் வைத்துக் கொண்டுவருவது நல்ல யோசனை என்று நினைத்தேன். அங்குள்ள காவல்காரர், "என்னா டிரெசரே, மச்சினனுக்கு மீன் கறியா? ஒரு நாளாச்சும் வாசம் வரலியே" என்று கேட்கிறார். உன் அக்காவோ புதன்கிழமைக் காலையில் கேரியர் காலியாக வெளியே போய்க் காலியாகவே திரும்புவதைக் கவனித்துவிட்டாள். "எவ வீட்டுல சாப்பாடு?" என்றாள். இந்த மூஞ்சியின் மேல் அப்படி ஒரு சந்தேகம் வந்ததே என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். சர்ப்பகந்தி மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று கொடுத்தேன். நூற்று எழுபத்திரண்டு, அடுத்த வாரம் நூற்று அறுபத்தெட்டு, அப்புறம் அறுபத்து நான்கு, நேற்று அறுபத்திரண்டு. ஆமை வேகம். மே மாதத்துக்குள் நூற்று நாற்பதுக்கு வர வேண்டும். ஆகவே இன்றிலிருந்து காலை இரண்டு, மாலை இரண்டு. உப்பு கூடவே கூடாது. ஊறுகாய், கருவாடு, பெலாச்சான் இறால் சம்பல் எதையும் கண்ணால் பார்க்காதே. உனக்குத் துணையாக நானும் உப்பை நிறுத்திவிட்டேன். உன் அக்கா வைக்கும் ரசம் இப்போது குளித்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. கய்யூமும் நிறுத்திவிட்டார். கருவாடு விற்கிற கடைக்காரர் மூக்கைத் திருப்பிக்கொண்டு எடை போடுகிறார்.

நேற்று உன் குரல் மூக்கால் வந்தது. இந்த மருந்துக்கு மூக்கடைப்பு உண்டு. பேசும்போது இரண்டு தடவை கண் செருகினாய். வெயிலாகத்தான் இருக்கும். வெயில்தானே?

அத்தான்


செந்தூல்
11-4-1957

அத்தானுக்கு,

நேற்று நீங்கள் என் கையில் பட்டையைச் சுற்றி, "நூத்தி நாப்பத்திரண்டு! ஜெயிச்சிட்டோம் மாப்ளே" என்று கை தட்டினீர்கள். என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தீர்கள்.

நேற்று உங்களிடம் வருமுன் நடந்ததை எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மழை மேகம் தாழ்ந்து கிடந்தது. மூன்று வாரமாக மூக்கு அடைப்பு. கீழே இறங்க இறங்கக் காது திறக்கவில்லை. இரண்டு காதிலும் பஞ்சு திணித்தது போல வலி. இறங்குமுன் ஊரின் காற்றழுத்தத்தைத் தரையிலிருந்து கேட்டு எங்கள் உயரமானியில் வைக்க வேண்டும். உங்களுக்கு ஒரு பிரஷர், எனக்கு இரண்டு. ரேடியோவில் சொன்னார்கள். கடைசி 'எட்டு' மட்டும் என் காதில் விழுந்தது. முன்னால் உள்ளதை நானே நிரப்பிக்கொண்டேன். அவர்கள் சொன்னது ஆயிரத்து எட்டு. நான் வைத்தது ஆயிரத்துப் பதினெட்டு.

பத்துப் புள்ளி தப்பினால் முந்நூறு அடி. நம் நாட்டில் ஆயிரத்துப் பதினெட்டு என்று எவனும் கேட்டதே கிடையாது. கேட்டால் சிரிக்க வேண்டும். பதினொரு வருஷம் பறந்தவன் நான். தூக்கக் கலக்கத்தில் எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

உயரமானி அறுநூறு அடி என்றது. மேகத்தை விட்டு வெளியே வந்தேன். ரப்பர் மரங்கள் என் காலுக்குக் கீழே நின்றன. காற்றில் இலை புரண்டு அடிப்பக்க வெளுப்புத் தெரிந்தது. அவ்வளவு கிட்டம். எப்படித் தூக்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

இறங்கியதும் பயணிகளில் ஒரு பெரியவர், தோட்டத்துக் கங்காணி, என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க. எங்க லயத்து வீட்ட இவ்ளோ கிட்டத்துல காட்டினீங்களே. மருமவ துணி காயப் போடறது தெரிஞ்சிச்சு."

அவரிடம் நான் சரி என்று தலையாட்டினேன்.

ஜெயபாலன்


கஜா பெராங்
13-4-1957

ஜெயபாலா,

கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். இந்தக் கடிதத்தில் வேடிக்கை எதுவும் இராது, மன்னித்துக்கொள்.

மாத்திரையை இன்றே நிறுத்து. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டு. நான் கொடுத்த மருந்துதான் உன் காதை அடைத்தது. நான் இரட்டித்ததுதான் உன்னைத் தூங்க வைத்தது. நோயும் உன்னைக் கொல்லும், என் வைத்தியமும் கொல்லும் என்றால் நீ மேலே போகக் கூடாது. உடம்பு சரியில்லை என்று லீவு எடு. உங்கள் டாக்டருக்கு நடந்தது எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அடுத்த புதன்கிழமை உன் விமானம் இங்கே இறங்கினால், அன்றைக்கே தபாலில் போடுவேன்.

கணேசமூர்த்தி


செந்தூல்
16-4-1957

அத்தானுக்கு,

போடுங்கள். அதில் மாத்திரை கிளினிக் அலமாரியிலிருந்து டாக்டருக்குத் தெரியாமல் வந்தது என்பதையும் எழுதியிருக்கிறீர்களா? என் லைசென்சோடு உங்கள் வேலையும் போகும். ருக்மணிக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். அக்காவிடம் யார் சொல்வது? நீங்களா, பூங்காவனத்தம்மாளா?

லீவு போட்டிருக்கிறேன். சளி என்று சொல்லியிருக்கிறேன். மே எட்டு வரைக்கும் என்னை விட்டுவிடுங்கள். எழுத வேண்டாம்.

ஜெ.


கஜா பெராங்
4-5-1957

மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

உன் அக்கா என் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டாள். நான் ஒரு பொம்பளைக்கு எழுதிய கடிதம் என்று ஆவலோடு பிரித்திருக்கிறாள். படித்து முடித்ததும் உள்ளே போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அப்புறம், "அவன் நாற்காலி உங்களுக்குத் தெரியுது. அந்தக் கங்காணி மருமவ உங்க ரெண்டு பேருக்கும் தெரியலியா?" என்றாள்.

கடிதத்தை அவளே அடுப்பில் போட்டுவிட்டாள். இனி என் பையில் ஒன்றும் இல்லை. எட்டாம் தேதி டாக்டர் முன்னால் நீ மட்டும்தான் இருப்பாய். கிளினிக் டாக்டரிடம் நான் இன்று காலை அலமாரி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் பாரத்தை உன் தலையில் வைக்க வேண்டாம் என்றுதான். அரை மணி நேரம் திட்டினார். சாவியை வாங்கிக்கொண்டார். வேலை இருக்கிறது, கட்டுப் போடுகிற வேலை மட்டும்.

அத்தான்


செந்தூல்
10-5-1957

அத்தானுக்கு,

சொல்லிவிட்டேன்.

டாக்டர் பட்டையைக் கையில் சுற்றும்போதே சொல்லிவிட்டேன். எண் வரட்டும், நல்லதாக வந்தால் பேசாமல் இருக்கலாம் என்ற சபலம் எனக்கு வந்தது. அதனால்தான் எண்ணுக்கு முன்னால் சொன்னேன். மாத்திரை, மூக்கு, ஆயிரத்துப் பதினெட்டு, கங்காணி, எல்லாவற்றையும். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உறவினர் ஒருவர் என்றேன்.

எண் நல்லதாகத்தான் வந்தது. நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. அவர் அதை நம்பவில்லை. மாத்திரை நிறுத்தி மூன்று வாரம் ஆனாலும் அதன் வேலை உடம்பில் பாக்கி இருக்கும் என்றார். லைசென்சை மேஜை டிராயரில் வைத்தார். மூன்று மாதம் பறக்கக் கூடாது. மாதம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும். மருந்து இல்லாமல் அடங்கியிருந்தால் பார்க்கலாம்.

மானேஜர் நேற்றுக் காலை என்னைக் கூப்பிட்டு நல்லவிதமாகவே பேசினார். பெரிய விமானத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் வருகிறாராம். எனக்கு ஷெட்டில் சாமான் எடை போடும் வேலை. வீட்டுக்கு வந்து விஜயாவிடம் சொன்னேன். முதலில் அவள் அழுதாள். பிறகு குழம்பில் இரண்டு கரண்டி உப்பை அள்ளிப் போட்டாள்.

இன்று சாமான் எடை போடுமுன் தராசு சரியா என்று ஒரு முறை சும்மா நிறுத்திப் பார்த்தேன். விமானிப் பழக்கம் போகவில்லை.

ஜெயபாலன்


செந்தூல்
3-9-1957

அன்புள்ள அத்தானுக்கு,

நான்கு மாதம் பேசாமல் இருந்தது தப்பு. கோபம் உங்கள் மேல் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

மெர்டேக்கா, நாடு சுதந்திரம் பெற்ற அன்று மழையில் நின்று கொடி ஏறுவதைப் பார்த்தேன். தலைக்கு மேல் விமானம் போனது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

நேற்று லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது. மூன்று மாதம் என்றவர் நான்காக்கினார். பழைய ஆறு பேர் விமானம்தான். புதன்கிழமை பத்து பெரெண்டாம் ஓட்டமும் என்னுடையதே. டாக்டர் நான்கு மாதமும் எழுதி வைத்த எண்களை மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தார். எதுவுமே நூற்று முப்பத்து நான்கைத் தாண்டவில்லை. மருந்து இல்லை, பத்தியம் இல்லை, நான் கருவாடுகூடச் சாப்பிட்டேன். "உனக்குப் பிரஷர் என்று சொன்னது யார்? எதில் பார்த்தார்?" என்று கேட்டார். சிங்கப்பூர் டயல் என்றேன். "நீ உயரமானியைத் தரையோடு ஒத்துப் பார்க்காமல் கிளம்புவாயா?" என்றார்.

அத்தான், அந்த டயலை நீங்கள் எதனோடாவது ஒத்துப் பார்த்தீர்களா?

ஜெயபாலன்


கஜா பெராங்
9-9-1957

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பார்க்கவில்லை. இன்று காலைதான் பார்த்தேன்.

முதலில் என் தரப்பு வக்கீல் வாதத்தைக் கேள். அந்த முள் சும்மா இருக்கும்போது பூஜ்யத்தில் நல்ல பிள்ளையாக நிற்கிறது. இம்மி பிசகாது. அதை நம்பித்தான் ஏழு மாதமாக உப்பில்லாமல் சாப்பிட்டேன். கய்யூம் உடம்பு இளைத்து, போட்ட சட்டை தோளில் நிற்காமல் நடமாடுகிறார். சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுத வக்கீலிடம் இரண்டு தடவை போய் வந்தார். பூங்காவனத்தம்மாளுக்கு நூற்று எண்பது என்று நான் சொன்னதிலிருந்து, கோபம் வரக் கூடாது என்று அவள் யாரோடும் சண்டை போடுவதில்லை. எங்கள் தெரு அமைதியாக இருந்தது இந்த ஏழு மாதம்தான். அதற்காவது அந்த டயலுக்கு ஒரு மாலை போடலாம்.

இன்று டாக்டர் வருவதற்கு முன்னால் அவருடைய பாதரசப் பெட்டியை எடுத்தேன். துடைக்கிற உரிமை இன்னும் எனக்கு இருக்கிறது. ஒரே ரப்பர் குழாயில் பெட்டியையும் டயலையும் சேர்த்துக் கட்டினேன். பட்டையை ஒரு போத்தலில் சுற்றினேன். போத்தலுக்குப் பயம் கிடையாது, பெண்டாட்டி கிடையாது, மேலே போக வேண்டிய வேலை கிடையாது.

காற்றை அடித்தேன். காதுகுத்து அன்று உன் கையில் முள் நின்ற இடத்துக்கு, நூற்று எழுபத்திரண்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பாதரசத்தைப் பார்த்தேன். கொஞ்சம் காற்றை விட்டு, முள்ளை நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தி மறுபடியும் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு தடவை. அப்புறம் கட்டுப் போடும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ கேட்பாய், பாதரசம் எத்தனை காட்டியது என்று. எழுத எனக்குக் கை வரவில்லை. புதன்கிழமை இங்கே இறங்கும்போது எதிர்வீட்டுப் பூங்காவனத்தம்மாளைக் கேள். காதுகுத்தில் நான் பொய்யென்று நினைத்துச் சொன்ன அந்த இரண்டு எண்களைத்தான் பிப்ரவரியிலிருந்து அவள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அத்தான்